வாளுக்கு ஏடு இருக்கிறது, நம் கம்புக்கு?

கோல சிலாங்கூருக்குப் போகும் வழியில் புக்கிட் ரோத்தான் என்ற பெயர்ப்பலகையைப் பலர் பார்த்திருப்பீர்கள். மலாயில் புக்கிட் என்றால் குன்று. ரோத்தான் என்றால் பிரம்பு. பிரம்புக் குன்று என்பதுதான் எங்கள் ஊர்ப் பெயரின் பொருள். நம்மில் பலருக்கு ரோத்தான் என்றதும் பள்ளியில் வாத்தியார் கையில் இருந்ததுதான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு வருவது வேறொரு பிரம்பு. நிமிர்த்தி வைத்தால் என் நெற்றியைத் தொடும், எண்ணெய் குடித்துப் பழுப்பேறிய என் சிலம்பக் கம்பு.

எனக்கு வயது 33. ஷா ஆலாமில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. காலையில் காரில் ஏறினால் இரவு வீடு திரும்பும்வரை உட்கார்ந்தபடிதான் பொழுது போகும். இடுப்பு வலி என்று போனபோது மருத்துவர், “மாத்திரை இருக்கட்டும், ஏதாவது விளையாடுங்கள்” என்றார். எங்கள் தாமான் பூப்பந்துத் திடலில் செவ்வாய், சனி இரவுகளில் சிலர் கம்பு சுற்றுவது தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை நானும் போய் ஓரமாக நின்றேன். அது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன.

எங்கள் குழுவில் இப்போது 11 பேர். ஒருவர் லாரி ஓட்டுகிறார், ஒருவர் தாதி, ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, இருவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஐந்து பேர் பெண்கள். பதக்கம் வாங்கும் வயது யாருக்கும் இல்லை. வேலை முடிந்து வந்து ஒன்றரை மணி நேரம் வியர்வை சிந்த ஆடுவோம். பிறகு தே தாரேக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். பொழுதுபோக்கு என்றால் அதுதான் பொழுதுபோக்கு.

அந்தப் பொழுதுபோக்கை வேறு கண்ணால் பார்க்க வைத்தது, பல நூறு ஆண்டு பழைய ஓர் ஐரோப்பிய வாள்.

பெரியம்மா தேடிய ஹேமா

என் பெரியம்மா மகன் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் பொறியாளர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஒருநாள் பெரியம்மா என் அம்மாவுக்குப் போன் செய்தார். “ஞாயித்துக்கிழமை ஆனா ஹேமா, ஹேமான்னு ஓடுறான். போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறான். பொண்ணு யாரு, எந்த ஊருன்னு உன் மகளை விட்டுக் கொஞ்சம் கேக்கச் சொல்லு.”

கேட்டேன். அண்ணன் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. ஹேமா பெண் இல்லை. ‘வரலாற்று ஐரோப்பியப் போர்க்கலைகள்’ என்பதன் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகளைச் சேர்த்தால் வரும் சுருக்கம். ஐரோப்பாவில் 14, 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் வீரர்கள் பழகிய வாள்வீச்சை, அந்தக் காலத்து நூல்களைப் படித்து, இன்று விளையாட்டாகப் பழகுகிறார்கள். இரு கையாலும் பிடிக்கும் நெடுவாள், சிறு கேடயத்தோடு ஒற்றைக் கை வாள், குத்துவாள், ஈட்டி என்று பல பிரிவுகள். ஐரோப்பா, அமெரிக்கா மட்டுமல்ல, சிங்கப்பூரிலும் இதற்குக் குழுக்கள் உண்டு. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 2006 முதல் நடந்துவரும் ‘சுவார்ட்ஃபிஷ்’ போட்டி இந்த உலகத்தில் பெயர்பெற்றது.

“ஒலிம்பிக்ஸில் பார்க்கிறோமே, அதுவா?” என்று கேட்டேன். “இல்லை. அது பின்னாளில் வந்த மெல்லிய வாளிலிருந்து வளர்ந்த விளையாட்டு. அதற்கு வாத்தியார் பரம்பரை அறுந்ததே இல்லை. எங்களுக்கு வாத்தியாரே கிடையாது” என்றார் அண்ணன்.

வாத்தியார் இல்லாத வித்தையா? புரியவில்லை. நேரில் வந்து பார் என்றார்.

செத்துப்போன வித்தையும் உயிரோடிருந்த ஏடும்

போவதற்கு முன் அண்ணன் சொன்னதையும் நான் படித்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

துப்பாக்கி வந்து, போர் முறை மாறியதும், நெடுவாளுக்கு வேலை குறைந்தது. கற்றுக்கொள்ள ஆள் குறைந்தது. ஒரு கட்டத்தில் குருவிடமிருந்து சீடனுக்கு என்ற சங்கிலி முழுதாக அறுந்துவிட்டது. அந்த வாளை எப்படிப் பிடித்தார்கள், எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தார்கள் என்று காட்ட உயிரோடு ஒருவரும் இல்லை.

ஆனால் ஏடுகள் இருந்தன. இப்போது நமக்குக் கிடைத்திருக்கும் வாள்வீச்சுச் சுவடிகளில் மிகப் பழையது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தைச் சேர்ந்தது. ஒரு பாதிரியார் தன் மாணவனுக்கு வாளும் சிறு கேடயமும் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் படம். கடைசிப் பக்கங்களில் மாணவன் இருந்த இடத்தில் ஒரு பெண் வாளோடு நிற்கிறாள். அவள் பெயர் வால்புர்கிஸ் என்று எழுதியிருக்கிறது. எங்கள் குழுப் பெண்களிடம் அந்தப் படத்தைக் காட்டியபோது ஒருத்தி, “700 வருஷத்துக்கு முன்னாடியே வகுப்புல சேர்ந்துட்டாங்க பாரு” என்றாள்.

இத்தாலியைச் சேர்ந்த ஃபியோரே டெய் லிபேரி 1410-ஐ ஒட்டி எழுதிய நூல் இன்னொன்று. அதில் ஒரு மனிதனைச் சுற்றி நான்கு விலங்குகளை வரைந்திருக்கிறார். கூர்ந்து அளந்து பார்க்கக் காட்டுப்பூனை இனத்தைச் சேர்ந்த லிங்க்ஸ், வேகத்துக்குப் புலி, துணிவுக்குச் சிங்கம், அசையாத நிலைக்கு யானை. யானையின் முதுகில் ஒரு கோபுரம். ஃபியோரேயின் யானை நம் கோயில் ஊர்வலத்துக்கே வரலாம் போலிருந்தது.

எல்லாரையும்விட என்னை யோசிக்க வைத்தவர் ஜெர்மானிய ஆசான் யோஹானஸ் லிக்டெனாவர். 14-ஆம் நூற்றாண்டுக்காரர். தன் வித்தையைக் கண்டவர் கைக்குப் போகாமல் இருக்க, பூடகமான பாட்டு வரிகளாக வைத்திருந்தார். அவர் கையால் எழுதிய நூல் எதுவும் கிடைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அந்த வரிகளை ஏட்டில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் உரை எழுதி வைத்தார்கள். அந்த உரைகள் இல்லாவிட்டால் இன்று லிக்டெனாவர் என்று ஒருவர் இருந்ததே தெரியாது.

1885-இல் எகெர்டன் காசில், 1892-இல் ஆல்ஃபிரட் ஹட்டன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் பழைய வாள்வீச்சைப் பற்றி நூல் எழுதினார்கள்; மேடையில் ஆடியும் காட்டினார்கள். அதன் பிறகு பல காலம் பெரிய அசைவில்லை. 1990-களில் வெவ்வேறு நாடுகளில் சிறு சிறு குழுக்கள் அந்தச் சுவடிகளைத் தேடிப் படித்து, கையில் வாள் பிடித்துச் செய்துபார்க்கத் தொடங்கின. இணையம் வந்த பிறகு ஏட்டுப் படங்கள் எல்லார் கைக்கும் கிடைத்தன. செத்துப்போன ஒரு வித்தை எழுந்து உட்கார்ந்த கதை இது.

ஒரு வரிக்கு ஒரு மணி நேரம்

சிங்கப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தேன். முகத்தில் கம்பி வலைக் கவசம், கழுத்துக்குத் தனிக் காப்பு, தடித்த கையுறை, பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கி. அங்கியின் பலத்தை நியூட்டன் கணக்கில் சொல்கிறார்கள்: 350, 800 என்று. நம் ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நின்றாலே உடம்பு நனைந்துவிடும்.

வாளை என் கையில் கொடுத்தார்கள். சினிமாவைப் பார்த்து ஏழெட்டுக் கிலோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோதான். முனை மழுங்கியது, குத்தினால் தகடு வில்லாக வளைந்து கொடுக்கும். கைப்பிடிக்கு அருகில் இருக்கும் பாகம் ‘பலம்’, நுனிப் பக்கம் ‘பலவீனம்’. என் பலத்தை எதிராளியின் பலவீனத்தின் மேல் வைத்தால் சின்னப் பெண்ணும் பெரிய ஆளின் வாளை ஒதுக்கிவிடலாம். வாளும் வாளும் ஒட்டி நிற்கும் நேரத்தில் எதிராளியின் கை இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று இரும்பு வழியாகவே உணர வேண்டும் என்றார்கள். உணர்ந்ததும் காத்திருக்கக் கூடாது. ‘முன்’, ‘பின்’, ‘அந்தக் கணமே’ என்று மூன்று சொற்களில் லிக்டெனாவர் பள்ளி அந்தப் பாடத்தை வைத்திருக்கிறது.

பலவிதப் போட்டி விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. நீங்கள் அடித்துவிட்டீர்கள், ஆனால் அடிபட்டவர் உடனே திருப்பி உங்களைத் தொட்டுவிட்டால் உங்கள் புள்ளி குறையும், இல்லை பறிபோகும். அடிப்பதோடு கடமை முடியாது, அடித்துவிட்டுப் பத்திரமாக வெளியே வர வேண்டும். எங்கள் மாஸ்டரும் இதையேதான் சொல்வார்: “தொட்டுட்டு நின்னு பாக்காத. தொட்டியா, வெளிய வா.”

இதற்கெல்லாம் நடுவில் ஒரு காட்சி. பயிற்சியாளர் அச்செடுத்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு வரியைப் படித்தார். படத்தில் இந்தக் கால் முன்னால் இருக்கிறது. எழுத்தில் அந்தக் கால் என்று இருப்பதுபோல் தோன்றுகிறது. எது சரி? ஒருவர் ஒரு மாதிரி செய்துகாட்டினார், இன்னொருவர் மறுத்தார். ஓவியர் தவறாக வரைந்துவிட்டாரா, எழுதியவர் ஒரு அடியைச் சொல்லாமல் விட்டாரா என்று பேச்சு போனது. அந்த ஒரு வரியிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. இதற்குக் கடைசி விடை கிடைக்காமலும் போகலாம் என்றார் அண்ணன் அமைதியாக.

ஊரில் எங்கள் மாஸ்டர் ஞாபகம் வந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தேகம் வந்தால், நாற்காலியிலிருந்து எழுந்து வந்து ஒருமுறை நடந்துகாட்டுவார். இரண்டு விநாடி. அவ்வளவுதான்.

தோட்டத்துக்குக் காலோடு வந்த வித்தை

ஐரோப்பிய வாள் எங்கள் பக்கத்துக்கு வராத ஒன்றல்ல. புக்கிட் மெலாவத்தி குன்றில் பீரங்கிகளோடும் குரங்குகளோடும் படம் எடுத்திருப்பீர்கள். அந்தக் கோட்டையை 1784-இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றினார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டார். அப்போது நெடுவாள் காலம் முடிந்து பீரங்கிக் காலம் வந்துவிட்டது. நம் ஆட்கள் இங்கே ரப்பர் மரம் சீவ வந்ததோ அதற்கு வெகுகாலம் கழித்து.

கங்காணிகள் அழைத்துவந்தார்கள், கப்பல்கள் இறக்கிவிட்டன. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தெனமாரம் தோட்டத்தில் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கியது. பெயரைக் கேட்டாலே தென்னைமரம் என்ற தமிழ் வாடை அடிக்கிறது. 1938-இல் இந்திய அரசாங்கம் மலாயாத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை அனுப்புவதை நிறுத்தியது. அதற்கு முன் வந்தவர்கள் கொண்டுவந்த பெட்டியில் என்ன இருந்திருக்கும்? இரண்டு துணி, ஒரு சாமி படம். கம்புகூட வந்திருக்காது, இங்கேதான் காடு நிறையப் பிரம்பு இருந்ததே. சிலம்பம் வந்தது அவர்கள் காலிலும் தோளிலும்.

எங்கள் மாஸ்டரின் அப்பா அப்படி வந்தவர்களில் ஒருவர். மாஸ்டருக்கு இப்போது 79 வயது. மெர்டேக்கா ஆண்டில், 12 வயதில், லயத்துக்குப் பின்னால் அப்பாவின் நண்பர் ஒருவரிடம் கம்பு பிடிக்கத் தொடங்கினார். “மூணு மாசம் கம்பையே குடுக்கல. வெறும் கையோட நட நடன்னு நடக்க விட்டாரு. எங்க அம்மா, சிலம்பம் கத்துக்கப் போறியா, தபால்காரன் வேலைக்குப் போறியான்னு கேட்டுச்சு.” அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க மாட்டார்களாம். “இப்ப நீங்க இல்லன்னா வகுப்பே இல்ல” என்பார் எங்களைப் பார்த்து.

சிலம்பத்தில் காலடிதான் எல்லாம். கம்பு அதன் பிறகு. முன்னே ஓரடி, குறுக்கே ஓரடி, திரும்பி இரண்டடி என்று தரையில் ஒரு கோலம் விழும். அந்தக் கோலம் காலுக்குப் பழகிய பின்தான் வீச்சு, தட்டு, குத்து. நிலைகலக்கி, குறவஞ்சி என்று பல வழிகள் உண்டு. ஒவ்வோர் ஆசான் வழியிலும் காலடி மாறும். தோட்டத்துக்குத் தோட்டம்கூட மாறும்.

கம்புக்கு நாங்கள் பயன்படுத்துவது பிரம்பு. மூங்கில் உள்ளே கூடு; உடைந்தால் சிராய்ச் சிராயாகப் பிளந்து குத்தும். பிரம்பு உள்ளே நிரம்பியது. அடிபட்டால் நாராக நைந்துபோகுமே தவிர, கத்திபோலப் பிளக்காது. இது நமக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. அமெரிக்காவின் பெர்க்லியில் 1966-இல் தொடங்கிய, மத்திய கால ஐரோப்பிய வாழ்க்கையை நடித்துப் பார்க்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. உலோகக் கவசம் அணிந்து ஒருவரையொருவர் முழு பலத்தோடு அடித்துக்கொள்வார்கள். அவர்கள் கையில் இருக்கும் ‘வாள்’ என்ன தெரியுமா? பிரம்பு. குறைந்தது ஒன்றேகால் அங்குல விட்டம் இருக்க வேண்டும் என்பது விதி. நம் வட்டாரக் காட்டுக் கொடி, கடல் தாண்டிப் போய் ஐரோப்பிய வீரனின் வாளாகியிருக்கிறது.

“எந்தப் புக்குல இருக்கு?”

அந்த ஆண்டு தீபாவளிக்கு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மறுநாள் மாலை திடலுக்கு அழைத்துப்போனேன். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது முழங்கால் மடங்காது, அப்போதே அப்படித்தான்.

அண்ணன் ஒரு குட்டைக் கம்பை நெடுவாள்போல் இரு கையாலும் பிடித்து, தோளுக்கு மேல் தூக்கி நின்றார். மாஸ்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்லாத்தான் நிக்கிற தம்பி. ஆனா கண்ணு கம்பைப் பாக்குது” என்றார். பிறகு எழுந்து, தன் கம்பை நீட்டி அண்ணனின் கம்பின் மேல் லேசாக வைத்தார். அண்ணன் அழுத்தினார். அழுத்திய கணத்தில் மாஸ்டரின் கம்பு அங்கே இல்லை. சுற்றிக்கொண்டு வந்து அண்ணனின் நெற்றிக்கு இரண்டு விரல் தள்ளி நின்றது. அண்ணன் என்னைப் பார்த்து, “அந்தக் கணமே!” என்றார். லிக்டெனாவரின் சொல்.

அப்புறம் அண்ணன் இயல்பாக ஒரு கேள்வி கேட்டார். “இது எந்தப் புக்குல இருக்கு ஐயா?”

மாஸ்டர் சிரித்தார். தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். “இந்தப் புக்குலதான். பைண்டிங் கழண்டு போச்சு.”

எல்லாரும் சிரித்தோம். வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன் சிரிக்கவில்லை. “எங்களுக்கு ஏடு இருக்கு, காட்ட ஆள் இல்ல. உங்களுக்கு ஆள் இருக்காரு, ஏடு இல்ல. எங்க நிலைமைக்கு வர உங்களுக்கு எத்தனை வருஷம் ஆகும்னு நினைக்கிற?” என்றார்.

சிலம்பம் பற்றித் தமிழில் நூல்கள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜனவரியில் அங்கு நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. நம் நாட்டிலும் பிள்ளைகள் போட்டிகளுக்குப் போகிறார்கள். கலை பிழைத்துக்கொள்ளும், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் போட்டிக்கென்று ஒரு பொதுவான ஆட்டமுறை வளர வளர, ஒரு தோட்டத்தில் ஓர் ஆசான் வழியாக மட்டும் வந்த காலடி ஓசையில்லாமல் போய்விடும். தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, ஆட்கள் ஆளுக்கொரு தாமானுக்குப் போன பிறகு அது இருந்த இடமே தெரியாது.

தரையில் சுண்ணாம்புக்கட்டி

அடுத்த வாரமே தொடங்கினோம். செலவு, ஒரு பெட்டி சுண்ணாம்புக்கட்டியும் கட்டம் போட்ட ஒரு கணக்கு நோட்டும்.

வழியைக் காட்டியதும் ஒரு பழைய ஐரோப்பிய நூல்தான். ஜிரார் திபோ என்பவரின் நூல் 1630-இல் வெளிவந்தது. தரையில் பெரிய வட்டம் வரைந்து, குறுக்குக் கோடுகள் போட்டு, எந்தப் பாதம் எந்தப் புள்ளியில் என்று படமாகக் காட்டியிருக்கிறார். அண்ணன் அனுப்பிய அந்தப் படத்தை மாஸ்டரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “வெள்ளக்காரனும் கோலம் போட்டிருக்கான்” என்றார். அதன் பிறகு எங்கள் முயற்சிக்கு அவர் ‘வேணாம்’ சொல்லவில்லை.

மாஸ்டர் மெல்ல நடப்பார். ஒவ்வோர் அடியிலும் நிற்பார். ஒருவர் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுவார், ஒருவர் எண் எழுதுவார். வலது பாதம் வெள்ளை, இடது பாதம் மஞ்சள். எடை எந்தக் காலில், குதிகால் தூக்கியிருக்கிறதா என்று தாதித் தோழி குறித்துக்கொள்வாள். திடலின் படிக்கட்டு மேலே நின்று மேலிருந்து ஒரு காணொளி, பக்கவாட்டில் ஒன்று. நோட்டில் ஏற்றிய பிறகு அதைப் பார்த்து எங்களில் ஒருவர் நடக்க வேண்டும். மாஸ்டர் பார்த்துவிட்டு “இது நான் இல்ல” என்றால் மறுபடி முதலிலிருந்து. ஒரு காலடிக் கோவையைச் சரியாக ஏற்ற நான்கு வாரம் ஆனதும் உண்டு.

ஈஜோக் பக்கத்திலிருந்து இன்னோர் ஆசான் ஒருமுறை வந்தார். எங்கள் நோட்டைப் புரட்டி, ஐந்தாவது கோவையில் நான்காம் அடி தப்பு என்றார். மாஸ்டர் இல்லை என்றார். இருவரும் குரல் உயர்த்தினார்கள். நாங்கள் இரண்டையும் எழுதிக்கொண்டோம். இது இவர் வழி, இது அவர் வழி என்று பெயரோடு. சிங்கப்பூரில் ஒரு வரிக்காக ஒரு மணி நேரம் நின்றவர்களைப் பார்த்திராவிட்டால், நாங்களும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டிருப்போம்.

இதுவரை நோட்டில் 14 கோவைகள் ஏறியிருக்கின்றன. மாஸ்டர் கணக்கில் இன்னும் ஒன்று பாக்கி. அது கடைசியாகக் கற்றுக்கொடுப்பது. உட்கார்ந்து திரும்பி எழும் காலடி. “அதை வாயால சொல்ல முடியாது. கால் கொஞ்சம் தேவலையாகட்டும், காட்டுறேன்” என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

இந்த ஆண்டு மார்ச் மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். பேச்சு தெளிவாக இருக்கிறது, ஞாபகம் கூர்மையாக இருக்கிறது. நிற்க முடியாது.

சனிக்கிழமை காலையில் இருவர் இருவராகப் போகிறோம். கட்டிலில் சாய்ந்தபடி மாஸ்டர் அந்தக் கோவையைச் சொல்கிறார். இரண்டு விரலைப் போர்வை மேல் நடக்கவிட்டுக் காட்டுகிறார். அதை எழுதிக்கொண்டு வந்து திடலில் செய்கிறோம். படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுகிறோம். “கிட்ட வந்துட்டீங்க” என்கிறார். இன்னும் ‘சரி’ என்று சொல்லவில்லை. 14 கோவைக்கு நாங்கள் மாணவர்கள். 15-ஆவது கோவைக்கு, சிங்கப்பூரில் தாளை வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பயிற்சியாளர்போல ஆகிவிட்டோம். ஒரே வித்தியாசம், எங்களுக்குச் சரி, தப்பு சொல்ல ஒருவர் இன்னும் இருக்கிறார்.

உங்கள் தாமானிலும் ஒருவர் இருப்பார்

இதைப் படிக்கும் இளையோருக்கு இரண்டு விஷயம்.

ஒன்று, 30 வயதுக்கு மேல் தொடங்கலாமா என்று தயங்க வேண்டாம். முதல் மாதம் வெறும் காலடிதான். நடக்கத் தெரிந்தால் போதும். ஒரு கம்பும் சறுக்காத காலணியும்தான் செலவு. இருவர் மோதும் பயிற்சிக்கு வரும்போது தலைக்கவசம், கையுறை இல்லாமல் இறங்காதீர்கள். ஐரோப்பிய வாள்காரர்களிடமிருந்து நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் அது. என் இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. வாரம் இரண்டு நாள் கைப்பேசியைத் தொடாத ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது. வாள்தான் பிடிக்கும் என்றால் வாளையே பழகுங்கள், தவறில்லை. நெடுவாளைப் பார்த்த பிறகுதான் என் கம்பின் அருமை எனக்கே புரிந்தது.

இரண்டாவது, பழைய தோட்டத்து ஆட்கள் வாழும் எந்தத் தாமானிலும் கம்பு பிடித்த ஒரு தாத்தா இருக்க வாய்ப்புண்டு. அவர் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார். கோயில் திருவிழாவில், கல்யாண வீட்டில் விசாரித்தால் தெரியும். போய்ப் பேசுங்கள். எந்தத் தோட்டம், யாரிடம் கற்றார், அவருடைய ஆசான் எந்த ஊரிலிருந்து வந்தவர், கம்பு எவ்வளவு நீளம், முதல் காலடியின் பெயர் என்ன என்று கேட்டு எழுதுங்கள். நடக்க முடிந்தவராக இருந்தால் பாதத்தைத் தரையில் கோடு போட்டுப் படம் எடுங்கள். முகத்தை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள், காலை எடுங்கள். தேதியும் பெயரும் எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து வெவ்வேறு வீட்டில் வையுங்கள்.

2019-இல் மலேசியாவின் சிலாட் கலை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அப்படிப்பட்ட அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது பதிவுகளைத்தான். அந்தப் பெரிய காரியம் அமைப்புகள் பார்த்துக்கொள்ள வேண்டியது. நோட்டும் பேனாவும் நம் வேலை.

ஒருநாள் மாஸ்டர் கேட்டார், “இதை எழுதி வச்சா யாரும்மா பாப்பா?” நான் லிக்டெனாவர் கதையைச் சொன்னேன். 600 ஆண்டு கழித்து, சிங்கப்பூரில், அவர் பெயர் தெரியாத ஒரு கடல் கரையில், ஒரு தமிழ்ப் பையன் அவர் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறான் என்றேன். மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அந்த நாலாவது அடியை இன்னொரு தடவை சொல்றேன், ஒழுங்கா எழுதிக்க” என்றார்.